கிரய உடன்படிக்கையும் கைமாற்று வியாபாரமும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கிறது. அதை வாங்குவதாகப் பேசி எழுதிக்கொண்ட காகிதம் மற்றொருவர் கையில் இருக்கிறது. அவர் அந்த நிலத்தைத் தம் பெயருக்குக் கிரயம் செய்துகொள்ளாமலே, அந்தக் காகிதத்தை மூன்றாமவர் ஒருவருக்கு விலை கூறி லாபம் அடைகிறார். நகரங்களை அடுத்த கிராமங்களிலும் புதிய சாலைகளின் ஓரங்களிலும் இத்தகைய வியாபாரம் நம்மிடையே நடைபெற்று வருகிறது.

இதற்கும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவலாம். சம்பந்தம் மிகுதியும் உண்டு. நிலத்தை விற்கும் முனையில் நிற்பவர் பெரும்பாலும் விவசாயி. மனை வாங்கும் முனையில், பல வருஷச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் பல சமயங்களில் தறி நெய்யும் தொழிலாளி. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், இவ்விரு சாராரும் தாம் கையொப்பமிட்ட காகிதங்களைக் கொண்டு வந்து, “ஐயா, இது செல்லுமா?” என்று கேட்பதுண்டு. கையொப்பம் இடுமுன் கேட்கவேண்டிய கேள்வியை இட்டபின் கேட்பதால் பயன் குறைவு. ஆகவே இப்பாடத்தில் அக்காகிதத்தின் தன்மையையும், அதில் காணவேண்டிய ஷரத்துக்களையும் முறையாக ஆராய்வோம்.

அயல்நாட்டு வழக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வியாபாரத்திற்கு ‘ஹோல்சேலிங்’ என்றே பெயர். மொத்த வியாபாரம் என்பது அச்சொல்லின் பொருளாயினும், அங்கே கைமாறுவது சரக்கன்று, உடன்படிக்கையே ஆகும். இடையாள் வீட்டுக்காரருடன் ஒரு விலைக்கு உடன்படிக்கை செய்துகொள்வார். ‘வாங்குபவரோ அவரால் உரிமை மாற்றப்பெறுபவரோ’ என்று அதில் எழுதிக்கொள்வார். பிறகு அதிக விலை கொடுக்கச் சித்தமாயிருப்பவரைத் தேடி, அவ்வுடன்படிக்கையை அவருக்கு மாற்றிக் கொடுத்து, வித்தியாசத்தைத் தம் கூலியாகப் பெறுவார்.

அங்கும் இதனால் வீட்டுக்காரர்கள் நஷ்டமடைந்தமையால் சில மாநிலங்கள் கட்டுப்பாடு விதித்தன. இல்லினாய் மாநிலம் 2019-ம் வருஷத்தில் தன் சட்டத்தைத் திருத்தி, பன்னிரண்டு மாதங்களில் ஒரு தடவைக்கு மேல் இவ்விதம் வியாபாரம் செய்பவர் தரகர் உரிமம் பெறவேண்டும் என்றது. ஒக்லஹோமா மாநிலமும் 2021-ம் வருஷத்தில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றிற்று.

நாம் கவனிக்கவேண்டிய முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த நியாய முறையின்படி, கிரய உடன்படிக்கை ஏற்பட்டவுடனேயே வாங்குபவருக்கு அச்சொத்தில் ஒருவகைப் பாத்தியம் பிறந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் அவ்வாறன்று. ஆதலால் அந்நாட்டு மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதே பலன் இங்கும் கிட்டும் என்று எண்ணுவது தவறாகும்.

நம் சட்டம் கூறுவது

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-வது பிரிவு இவ்விஷயத்திற்கு அஸ்திவாரம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம் அல்லது வீட்டின் கிரயம், பதிவு செய்த பத்திரத்தினாலேயே நிறைவேறும் என்று அது விதிக்கிறது. கிரய உடன்படிக்கையோ, தன்னளவில் அச்சொத்தின்மேல் எவ்விதப் பாத்தியத்தையும் பொறுப்பையும் உண்டாக்காது என்றும் அதே பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

அப்படியாயின் உடன்படிக்கைக்குப் பயனே இல்லையா? உண்டு. அது நிலத்தின்மேல் உள்ள உரிமையன்று. நிலக்காரர்மேல் உள்ள உரிமை. “பேசியபடி எனக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கவேண்டும்” என்று நிலக்காரரைக் கேட்கவும், மறுத்தால் ஏற்றதை ஆற்றக் கோரி நீதிமன்றத்தில் வழக்கிடவும் அது இடம் தருகிறது. வாங்குபவர் ஒழுங்காகக் கொடுத்த முன்பணத்திற்கு நிலக்காரரின் சொத்து பிணையாக நிற்கும் என்று 55-வது பிரிவு வேறு பாதுகாப்பும் அளிக்கிறது. ஆனால் இது நிலக்காரருக்குச் செலுத்திய பணத்திற்கே பொருந்தும். நிலக்காரர் அல்லாத இடையாள் கையில் கொடுத்த பணத்திற்கு நிலம் பிணையாகாது. இப்பாடத்தின் சாரம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு

இரண்டு ஏக்கர், அதாவது 200 சென்ட் நிலம். சென்ட் ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் 40,00,000 ரூபாய்க்கு விலை பேசி, இடையாள் 1,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, பதினொரு மாதக் கெடுவில் உடன்படிக்கை எழுதிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். முன்பணம் விலையில் இரண்டரை சதவீதமே. பிறகு சென்ட் ஒன்றுக்கு 26,000 ரூபாய் வீதம் 52,00,000 ரூபாய்க்கு வாங்குபவர் ஒருவர் கிடைக்கிறார். அவர் நிலக்காரருக்குச் செலுத்தவேண்டிய பாக்கி 39,00,000 ரூபாய். இடையாளுக்குச் செலுத்துவது, அவர் கொடுத்த முன்பணம் 1,00,000 ரூபாயும் லாபம் 12,00,000 ரூபாயும் சேர்ந்து 13,00,000 ரூபாய்.

இடையாள் ஏன் முதலில் தம் பெயருக்குக் கிரயம் பெற்று, பிறகு விற்பதில்லை? முதற்காரணம், 39 லட்சம் அவரிடம் இல்லாதிருக்கலாம். இரண்டாவது காரணம் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் 2023 மார்ச் மாதத்தில் வகுத்தபடி கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். வழிகாட்டி மதிப்பு விலைக்கு மேற்படாதிருப்பினும், 40 லட்சத்திற்கு 3,60,000 ரூபாய் செலவு உண்டு. இச்செலவைத் தவிர்க்கவே உடன்படிக்கை கைமாறுகிறது.

இனி, கிரயத்திற்கு முன்பாக நிலக்காரரின் சகோதரி தமக்கும் அந்நிலத்தில் பங்குண்டு என்று வழக்கிடுகிறார் எனக் கொள்வோம். கிரயம் நின்றுபோகிறது. நிலக்காரர் தாம் பெற்ற ஒரு லட்சத்திற்குப் பதில் சொல்லவேண்டியவர். மிச்சம் 12 லட்சத்திற்கு யார் பொறுப்பு? இடையாள் ஒருவரே. அவரிடம் சொத்து இருந்தால் வசூலாகும். இல்லையேல் தீர்ப்பு மட்டும் கையில் நிற்கும். லாபம் இடையாளுக்கும் அபாயம் வாங்குபவருக்கும் சேருவது எவ்வாறு என்பது இக்கணக்கினால் விளங்கும்.

கைமாற்றும் மூன்று வழிகள்

முதல் வழி, உரிமை மாற்றுப் பத்திரம். உடன்படிக்கையினால் தமக்குள்ள உரிமையை இடையாள் மூன்றாமவருக்கு எழுத்தில் மாற்றுவது இது. சட்டம் இதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் உரிமையை மாற்றலாமேயன்றிக் கடமையை மாற்ற இயலாது. சணல் வியாபாரம் பற்றிய வழக்கு ஒன்றில் 1962-ம் வருஷத்திலேயே உச்ச நீதிமன்றம் இவ்விதியை விளக்கியிருக்கிறது. பணம் செலுத்தும் கடமையை வேறொருவர் தலையில் ஏற்றுவதானால் நிலக்காரரின் சம்மதம் வேண்டும். மேலும், உரிமையை மாற்றலாகாது என்று உடன்படிக்கையிலேயே ஷரத்து இருந்தால், மாற்றப்பெற்றவர் சாதாரணமாக ஏற்றதை ஆற்றக் கோர இயலாது என்று 1963-ம் வருஷத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 15-வது பிரிவு கூறுகிறது.

இரண்டாவது வழி, ‘வாங்குபவர் பெயருக்கோ அவர் சுட்டிக் காட்டும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்க வேண்டியது’ என்ற ஷரத்து. இதில் கையொப்பமிடும் நிலக்காரர், யாரென்று அறியாத ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க முன்னதாகவே சம்மதித்து விடுகிறார். சுட்டிக் காட்டப்பட்டவரும் தம் பெயருக்கு எழுத்தாக எதுவும் பெறாதிருந்தால், பிற்பாடு தமக்குள்ள உரிமையை நிரூபிக்கும் சிரமம் அவருடையதே.

மூன்றாவது வழி, பொது அதிகாரப் பத்திரம். ‘பவர்’ என்று மக்கள் வழங்குவது. இதைப் பெற்ற இடையாள் நிலக்காரருக்காகக் கையொப்பமிடும் முகவர் மட்டுமே. நிலத்திற்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார். உடன்படிக்கை, பவர், உயில் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு ‘கிரயம் ஆகிவிட்டது’ என்று எண்ணும் வழக்கத்தை, 2011 அக்டோபர் 11-ம் தேதி சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்து, அவற்றினால் சொத்துரிமை மாறாது என்று தீர்ப்பளித்தது. அன்றியும், பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், முகவருக்கே அப்பொருளில் தனிப்பட்ட பாத்தியம் இருந்தாலன்றி, அதிகாரம் முடிந்துவிடும். ஆகவே பவர் பெற்றவரிடம் வாங்குபவர், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்திருக்கிறாரா என்பவற்றை நேரில் விசாரித்தறிவது அவசியம்.

நிலம் விற்கும் அங்கத்தினர் கவனிக்கவேண்டியவை

ஒன்று, கெடு. ‘பதினொரு மாதத்திற்குள்’ என்று மட்டும் எழுதாமல், முடியும் தேதியைக் குறிப்பிடுக. நிலக் கிரயங்களில் காலம் பொதுவாக உயிர் ஷரத்தாகக் கருதப்படுவதில்லை. காலம் தவறினால் உடன்படிக்கை முறியும் என்பது நோக்கமானால் அதை வெளிப்படையாகவே எழுதவேண்டும். வழக்கிடும் காலவரம்போ வேறு. குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷம். தேதி குறிக்காவிடில், மறுப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். தேதியற்ற உடன்படிக்கை நிலத்தை எவ்வளவு காலம் கட்டிப்போடும் என்று சொல்வதற்கில்லை.

இரண்டு, முன்பணத்தின் தன்மை. அச்சாரம் வேறு, விலையில் ஒரு பகுதி வேறு. 1949-ம் வருஷத்தில் டில்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு விற்பதாக உடன்படிக்கை ஏற்பட்டது. வாங்குபவர் 1,000 ரூபாய் அச்சாரமும் 24,000 ரூபாய் விலையின் பகுதியாகவும் செலுத்தினார். கிரயம் நிறைவேறாமற் போகவே, விற்றவர் 25,000 ரூபாயையும் வைத்துக்கொள்ள விரும்பினார். 1963-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம், அச்சாரமான 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைப் பறிமுதல் செய்யும் ஷரத்து தண்டனையின்பாற்பட்டதாகும் என்று கூறிற்று. ‘தவறினால் கொடுத்த பணம் முழுவதும் போய்விடும்’ என்று எழுதிக்கொண்டதனாலேயே அது முழுவதும் விற்பவருக்குச் சேர்ந்துவிடாது என்பதை இவ்வழக்கு கற்பிக்கிறது.

மூன்று, உரிமை மாற்று ஷரத்து. யார் வாங்கினாலும் சம்மதமா, அன்றி முன்னதாக எழுத்தில் சம்மதம் பெறவேண்டுமா என்பதை நிலக்காரர் தீர்மானித்து எழுதச் செய்யவேண்டும். மௌனமாக விடுவது, மாற்றச் சம்மதித்ததற்கு ஏறக்குறையச் சமம்.

நான்கு, சுவாதீனம். முழு விலையும் வந்து சேருமுன் நிலத்தை ஒப்படைப்பதும், மண் நிரப்பவும், மரம் வெட்டவும், மனைக்கல் நடவும் அனுமதிப்பதும் கூடாது. கல் நட்டபின் வயல் மீண்டும் வயலாவது கடினம்.

ஐந்து, மூலப் பத்திரங்கள். நகல்களைக் கொடுத்தால் போதும். அசலைக் கிரய நாளில் கொடுக்கலாம். எழுதாத முத்திரைத்தாளில் கையொப்பமிடுவதை ஒருபோதும் செய்யலாகாது.

ஆறு, ரத்து. தமிழ்நாட்டில் 2012-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி கிரய உடன்படிக்கையும், நிலம் சம்பந்தமான அதிகாரப் பத்திரமும் பதிவு செய்யப்படவேண்டும். பதிவான உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் தோன்றும். கெடு கழிந்து அது பயனற்றுப் போனாலும் சான்றில் அக்குறிப்பு நிற்கும். அதைக் கண்டு அடுத்து வாங்குபவர் தயங்குவார். இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாலன்றி இத்தடை நீங்குவது கஷ்டம். அதற்குக் கையொப்பமிட இடையாள் பணம் கேட்பதும் உண்டு. எனவே, இன்ன தேதிக்குள் பாக்கி செலுத்தாவிடில் இன்ன தொகையைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு ரத்துப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியது என்ற ஷரத்தை ஆரம்பத்திலேயே சேர்ப்பது விவேகம்.

மனை வாங்கும் அங்கத்தினர் கவனிக்கவேண்டியவை

முதலாவதாக, கையொப்பமிடுபவர் நிலக்காரரா, உடன்படிக்கைக்காரரா, முகவரா என்று கேட்டறிக. உடன்படிக்கைக்காரராயின், நிலக்காரரையும் ஒரு கட்சியாகச் சேர்த்து, மூவரும் கையொப்பமிடும் பத்திரமாக எழுதிப் பதிவு செய்வதே உத்தமம். பதிவு செய்யாத உடன்படிக்கையையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகப் பெறலாம் என்று 2023-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் கூறியிருக்கிறது. ஆயினும் அதை நம்பிப் பதிவை விட்டுவிடுதல் சிறந்த யோசனையன்று. நிலக்காரர் அதே நிலத்தை, உங்கள் உடன்படிக்கையை அறியாத வேறொருவருக்கு நல்லெண்ணத்துடன் கிரயம் செய்து பணமும் பெற்றுவிட்டால், அவருக்கு எதிராக உங்கள் உரிமை நிற்காது. பதிவு செய்திருந்தால், “நான் அறியேன்” என்று அவர் சொல்ல வழியில்லை.

இரண்டாவதாக, பணம் நிலக்காரரின் வங்கிக் கணக்குக்கே செல்லட்டும். இடையாளின் லாபத்தைக் கிரயம் பதிவாகும் நாளில் கொடுப்பதாக ஏற்பாடு செய்க. நிலக் கிரயத்தின் பொருட்டு இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015-ம் வருஷம் முதலே தடுத்துள்ளது.

மூன்றாவதாக, பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள் இவற்றைப் பார்வையிடுக. பெண் மக்களின் பங்கு விடப்பட்டிருக்கிறதா, மைனர் பங்கிற்கு நீதிமன்ற அனுமதி உண்டா, கூட்டுறவு வங்கியிலோ வேறெங்கோ அடமானம் உண்டா என்பவற்றையும் விசாரிக்கவேண்டும்.

நான்காவதாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், 2016-ம் வருஷத்து மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அத்திட்டத்தைப் பதிவு செய்த பின்னரே விளம்பரம் செய்யலாம். பதிவான உடன்படிக்கை இன்றி விலையில் பத்து சதவீதத்திற்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. இத்தகைய மனைகளை விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஐந்தாவதாக, ஏற்றதை ஆற்றக் கோருபவர் தாம் எப்பொழுதும் பணம் செலுத்தத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்கவேண்டும். ஆகவே கெடு முடியுமுன் பணத்தைச் சித்தம் செய்துகொண்டு, எழுத்து மூலம் அறிவிப்பும் அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்துக.

சங்கத்தின் கடமை

இடையாள் அனைவரும் ஏமாற்றுக்காரர் என்று கூறுவது நம் கருத்தன்று. வாங்குபவரைத் தேடுவதும், சிதறிய துண்டு நிலங்களை ஒன்று சேர்ப்பதும் உழைப்பே. உழைப்புக்குக் கூலி உண்டு. அக்கூலி எவ்வளவு என்பது மூவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அபாயத்தில் அவருக்கும் பங்கு இருக்கவேண்டும். இவ்வளவே நாம் வேண்டுவது.

நூலைக் கூட்டாக வாங்கினால் விலை குறைகிறது. விளைபொருளைக் கூட்டாக விற்றால் விலை கூடுகிறது. நிலத்திற்கும் இது பொருந்தும். அடுத்தடுத்த வயல்காரர்கள் தனித்தனியே கையொப்பமிடாமல், கூடிப் பேசி ஒரே விலையும் ஒரே கெடுவும் கேட்டால், இடையாள் ஒருவரிடம் பெற்ற காகிதத்தைக் காட்டி மற்றவரை அச்சுறுத்த இயலாது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இப்பாடத்தை ஒருவர் உரக்கப் படிக்கவும், உடன்படிக்கை எழுத எண்ணியுள்ளவர் அதன் நகலை நான்கு பேர் அறிய வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானமுடையோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா குழுவிலும் விசாரிக்கலாம்.

ஒரு நாள் தாமதித்துக் கையொப்பமிட்டதனால் நிலம் ஓடிப்போவதில்லை. “இன்றே எழுதாவிட்டால் வேறு நிலம் பார்க்கிறேன்” என்று அவசரப்படுத்துபவரிடம், “நாளை சங்கத்தில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று கூறுவதற்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கிரயப் பத்திரத்திற்கும் கிரய உடன்படிக்கைக்கும் உள்ள வேற்றுமை யாது?

2. மேற்கண்ட உதாரணத்தில் வாங்குபவர் 13 லட்சத்தையும் கிரய நாள் வரை இடையாளிடம் கொடுக்காமல் இருந்திருந்தால், சகோதரியின் வழக்கினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் நேர்ந்திருக்கும்?

3. பவர் பெற்றவரிடம் மனை வாங்குமுன் விசாரிக்கவேண்டியவை எவை?

4. உங்கள் ஊரில் எழுதப்படும் உடன்படிக்கை ஒன்றின் நகலைப் பெற்று, இப்பாடத்தில் கூறிய ஆறு ஷரத்துக்களில் எவை அதில் உள்ளன, எவை இல்லை என்று கூட்டத்தில் ஆராய்க.